ஏப்ரல் ஏழாம் தேதிக் கல்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அருள்செல்வி, தவறான கல் அறுபட்டதற்கான விளக்கப் படிவத்தைத் திறந்தாள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. இரண்டு பாக்கி. காரணம். பொறுப்பு.

காரணம் என்ற கட்டத்தைத் தொட்டால் மூன்று வரிகள் கீழே இறங்கும். குறியிட்டதில் பிழை. அறுத்ததில் பிழை. ஏற்றி இறக்கியதில் சேதம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எது என்று எட்சன் சார் சொல்லிவிட்டார்.

"குறியிட்டதுல பிழை. பொறுப்பு ராமப்பன். நாலு மணிக்குள்ள கஸ்டமருக்குப் போயிடணும். ராமப்பனோட கேட் பாஸும் நாலு மணியோட முடியுது, அதோட அவருக்கு இங்க வேலை இல்ல."

எட்சன் அந்தக் கல் கம்பெனியின் ஏற்றுமதி மேலாளர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அருள்செல்வியின் குடும்பத்துக்கு முன்வரிசையில் உட்காருவார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். திங்கட்கிழமையிலிருந்து சார்.

ராமப்பனை அருள்செல்வி நாலைந்து முறைதான் நேரில் பார்த்திருந்தாள். கம்பெனியின் குவாரி பர்கூருக்கு அப்பால் இருந்தது. அங்கே வெட்டிய கல் டிரெய்லரில் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து பலகைகளாகும். வெட்டிய கல்லுக்கு மஞ்சள் பெயிண்டில் எண் எழுதுவது ராமப்பனின் வேலை. பத்தொன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும்.

அருள்செல்விக்கு ஓசூர் அலுவலகத்தில் பதினோரு வருடம். கல்லை அவள் தொடுவதில்லை. கற்களின் பட்டியலைத் தொடுவாள்.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அறுப்புக் கொட்டகைக்குப் போனாள். முப்பத்தேழு பலகைகள் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நின்றன. சிவப்பும் சாம்பலும் சுழித்த கல். ஒவ்வொரு பலகையிலும் மேல் மூலையிலிருந்து கீழ்வரை, அதே இடத்தில், சுண்ணாம்பால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. வாடிக்கையாளரின் ஆள் குவாரிக்கே வந்து, ஒரு பகல் முழுக்கக் கற்கள் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது கோடில்லாத கல். மூன்று நாள் ஓடிய ரம்பத்துக்கு அது தெரியாது. வந்ததை அறுத்தது.

டேப்பை வாங்கிப் பலகையின் நீளத்தை அளந்தாள். இருநூற்று நாற்பது சென்டிமீட்டர்.

மேசைக்குத் திரும்பிப் பட்டியலைத் திறந்தாள். கல் எண் 7-4. நீளம் 285. குறிப்பு: தேர்வு.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் போன் நினைவுக்கு வந்தது.

மூன்று வாரம் ஆகியிருக்கும். மதிய நேரம். அவள் வேறொரு கப்பலின் காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், குவாரில இருந்து ராமப்பன்."

"சொல்லுங்கண்ணா."

"ஏழு-நாலு ஏத்தச் சொல்லிக்கிறாங்க. சீட்டுல நீளம் இரநூத்தி எண்பத்தஞ்சாம், டிரைவர் படிச்சான். இந்தக் கல்லு இரநூத்தி நாப்பதுக்கு மேல வராது மேடம். நான் கயிறு வெச்சுப் பாத்துட்டேன்."

"கல்லுல என்ன நம்பர் இருக்குது?"

"ஏழு-நாலு."

"லிஸ்ட்லயும் ஏழு-நாலுதான் இருக்குது. ஏத்துங்க."

"அளவு ஒத்து வரலியே."

"அளவைக் கோபி தப்பா அடிச்சிருப்பான்ண்ணா. நீங்க நம்பரைப் பாருங்க."

அந்தப் பக்கம் கிரேன் இரைந்தது. பிறகு ராமப்பன் யாரிடமோ தெலுங்கில் ஏதோ கத்தினார். போன் வைக்கப்பட்டது.

இதை எட்சன் சாரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ராமப்பனும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லியிருந்தால் சார் அவளைக் கூப்பிட்டிருப்பார்.

கோபி அனுப்பிய மூல மெயிலைத் தேடி எடுத்தாள். கோபி குவாரி அலுவலகத்தில் இருக்கும் பையன். அளந்ததைக் கணினியில் அடித்து அனுப்புகிறவன்.

குவாரியில் கல் வெட்டும் இடங்கள் ஒன்பது. முதல் எண் இடத்தைச் சொல்லும். இரண்டாவது எண் அந்த இடத்தில் வெட்டிய எத்தனையாவது கல் என்று சொல்லும். நடுவில் ஒரு கோடு. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். கல்லுக்கு இதில் சிரமம் இல்லை. எக்செலுக்குத்தான் சிரமம். இரண்டு சிறிய எண்களுக்கு நடுவில் கோடு போட்டு அடித்தால் அது கல் என்று அதற்குத் தெரியாது. தேதி என்று எடுத்துக்கொள்ளும். 7-4 என்று அடித்து அடுத்த கட்டத்துக்குப் போனால் 07-ஏப்ரல் என்று நிற்கும்.

வேலைக்கு வந்த புதிதில் கோபிக்கு அவள் போனில் நாலு முறை பாடம் எடுத்தாள். அடிப்பதற்கு முன்னால் அந்த வரிசையை எழுத்து என்று மாற்று. இல்லையென்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் போடு. சரிக்கா என்பான். அடுத்த பட்டியலிலும் ஏப்ரலும் ஜூலையும் வரும். பிறகு அவள் சொல்வதை நிறுத்தினாள். பட்டியல் வந்ததும் தேதிகளைப் பார்த்து அவளே கற்களாக மாற்றி அடித்தாள். 07-ஏப்ரல் என்றால் 7-4. 03-மே என்றால் 3-5. இரண்டு நிமிட வேலை. அவள் லீவு போட்ட நாளில் வேறு யாராலும் அந்தப் பட்டியலைப் படிக்க முடியவில்லை என்று ஒரு முறை எட்சன் சார் சொன்னார். அன்று அவளுக்கு அது பாராட்டாகப் பட்டது.

மெயிலில் அந்த வரி இருந்தது. 07-ஏப்ரல். 285. தேர்வு. அதற்கு எட்டு வரி கீழே 04-ஜூலை. 240.

சந்தேகமே இல்லை. கோபி 7-4 என்றுதான் அடித்திருக்கிறான். அளவுகளை மாற்றி அடித்திருக்கிறான், அல்லது ராமப்பன் எண்களை மாற்றி எழுதியிருக்கிறார். எட்சன் சார் சொன்னது சரி.

அப்படி நினைத்துக்கொண்டே கீழே இறங்கியவள் ஒரு வரியில் நின்றாள். 23-ஏப்ரல்.

இருபத்துமூன்றாம் இடம் என்று எதுவும் இல்லை. இடங்கள் ஒன்பதுதான். இது நாலாம் இடத்தின் இருபத்துமூன்றாவது கல். தன்னுடைய பட்டியலைப் பார்த்தாள். 4-23 என்று அவள் கைப்பட மாற்றியிருந்தாள். யோசிக்காமலே மாற்றியிருக்கிறாள்.

ஒரு புதுத் தாளைத் திறந்து 4-23 என்று அடித்தாள். ஏப்ரல்-23 என்று வந்தது. இருபத்துமூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அவளுடைய கணினி அதை இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் வருடத்து ஏப்ரல் என்று எடுத்துக்கொண்டது. எப்போதும் அப்படித்தான். ஆகஸ்டில் வந்த பட்டியலைத் திறந்தாள். அதிலும் பெரிய எண்கள் ஏப்ரல்-23 மாதிரிதான் இருந்தன. அக்டோபர் பட்டியலில் 23-ஏப்ரல். அதாவது இருபத்துமூன்றாம் தேதி.

அக்டோபரில் கோபியின் கணினி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் அந்த 07-ஏப்ரல், கோபி அடித்தபோது 4-7.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தள்ளிய வேகத்தில் அது பின்மேசையில் இடித்தது.

எட்சன் போனில் இருந்தார். முடிக்கும் வரை நின்றாள். சொன்னாள். இரண்டாவது முறையும் சொன்னாள்.

"கல்லு எப்படிம்மா தேதியாகும்?"

"எக்செல் அப்படி எடுத்துக்கும் சார்."

"இத்தனை வருஷம் எடுத்துக்கலையா?"

"எடுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. நான் மாத்திட்டு இருந்தேன்."

எட்சன் அவளைப் பார்த்தார். பிறகு தன் விசைப்பலகையை இழுத்து 4-7 என்று அடித்தார். 04-ஜூலை என்று வந்தது.

"இந்தா. நாலு முன்னாடிதான நிக்குது. ஏழு ஏப்ரல் எங்க வந்துச்சு?"

"இங்க அப்படித்தான் சார் வரும். பர்கூர் கம்ப்யூட்டர்ல மாத்தி வரும்."

"பர்கூர் கம்ப்யூட்டர் தெலுங்குல பேசுதா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவள் குனிந்து, அவருடைய சுட்டியை வாங்கி, மெயிலில் அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிக் காட்டினாள். 07-ஏப்ரல் மறைந்தது. 45754 வந்தது.

"இது என்னா, பின்கோடா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி ஒண்ணுல இருந்து எண்ணிட்டு வர்ற நாள் சார். உள்ளுக்குள்ள எக்செல் தேதியை இப்படித்தான் வெச்சிருக்கும். கோபி என்ன அடிச்சான்னு அதுல மிச்சம் இல்ல. என்ன தேதின்னு மட்டும்தான் இருக்கு."

"கல்லுக்கு எதுக்கு நாளு?"

"அதைத்தான் சார் சொல்றேன்."

"நீ சொல்றது எனக்குப் புரியல. கஸ்டமருக்கும் புரியாது." எட்சன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நேத்து கோபியைக் கேட்டேன். ராமப்பன் மாத்தி எழுதிட்டார்னு அவனே சொல்லிட்டான். படிப்பில்லாத ஆளு, முன்னுக்குப் பின்னா எழுதிட்டாரு. இது எல்லாருக்கும் புரியும். ஃபார்மை முடி."

வெளியே வந்து கோபியைக் கூப்பிட்டாள். ஆறாவது முறை மணி அடித்தபோது எடுத்தான்.

"கோபி, கஸ்டமர் ஆளு எந்தக் கல்லை எடுத்தாரு?"

"ஏன்க்கா."

"சொல்லு."

"நாலு-ஏழு."

"நீ என்ன அடிச்ச?"

"நாலு-ஏழுன்னுதான் அடிச்சேன்."

"அப்புறம் ராமப்பண்ணா மாத்தி எழுதினார்னு ஏன் சொன்ன?"

கோபி குரலைத் தாழ்த்தினான். "சார் என் மெயிலையே எனக்குப் படிச்சுக் காட்டுறாருக்கா. ஏழு ஏப்ரல்னு இருக்குதே, நீ மாத்தி அடிச்சியா, அந்த ஆளு மாத்தி எழுதினாரான்னு கேக்குறாரு. ரெண்டுல ஒண்ணு சொல்லணும். நான் என்ன சொல்றது?"

"அடிச்சதும் அது மாறினதைப் பாக்கலையா?"

"அது எப்பவும் மாறும். நீங்கதான் சரி பண்ணிடுவீங்களே."



"அளவு எழுதின சீட்டு இருக்குதா?"

"அடிச்சதும் கிழிச்சிப் போட்டுடுவேன்க்கா."

"கம்ப்யூட்டரை எப்ப மாத்துனீங்க?"

"செப்டம்பர்ல இடி விழுந்து பழசு போயிடுச்சு. கிருஷ்ணகிரில ஒரு கடையில வாங்கினது. நான் எதையும் தொடலை. அப்படியேதான் இருக்கு."

"இப்ப அதுல நாலு-ஏழுன்னு அடிச்சு, வர்றதை போட்டோ எடுத்து அனுப்பு."

"கரண்ட் இல்லக்கா."

"வந்ததும் அனுப்பு."

"எழுத்துல ஒண்ணும் வேணாம்க்கா. நானும் கான்ட்ராக்டுதான்." போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மணி பத்தரை. அரை நாள் லீவு எழுதி எட்சனின் மேசையில் வைத்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

"நாலு மணி," என்றார்.

"தெரியும் சார்."

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சூளகிரி தாண்டும்வரை மனசுக்குள் எட்சனிடம் பேசிக்கொண்டே வந்தாள். அலுவலகத்தில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். ஒரு இடத்தில்கூட அவர் குறுக்கே பேசவில்லை. சுங்கச்சாவடியில் பஸ் கால் மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் கன்னடத்தில் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

இரண்டு மாதமாக எத்தனை கல் மாறியிருக்கும் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டாள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மாறாது. இரண்டாவது எண் ஒன்பதுக்கு மேல் போனால் அவள் பார்த்த உடனே சரி செய்திருப்பாள். மற்ற எல்லாம் மாறியிருக்கும். பதினெட்டு வந்தது. சிலவற்றுக்கு, எண்கள் முன்பின்னாக மாறிய எதிர்க்கல் இன்னும் வெட்டப்படவே இல்லை. அவற்றை யாராவது ஏற்றச் சொல்லியிருந்தால் இல்லாத கல் என்று தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, பர்கூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஆட்டோக்காரர் கேட்டுக்கு உள்ளே வர மாட்டேன் என்றார். கல் தூசியில் அரை பர்லாங்கு நடந்தாள்.

அலுவலகம் என்பது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் போட்டிருந்த பெஞ்சில் ராமப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட், ஒரு பெயிண்ட் டப்பா, இரண்டு பிரஷ். திருப்பிக் கொடுப்பதற்காக வரிசையாக வைத்திருந்தார்.

"வாங்க மேடம்," என்றார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, நாலு-ஏழு எங்க கிடக்குது?"

"எங்க போவும். அங்கியேதான் கிடக்குது."

"காட்டுங்க."

"பாஸைக் குடுத்துட்டேன். நான் உள்ள போவக்கூடாது."

"என்கூட வாங்க."

"நீங்க யாரு மேடம், கூட்டிகினு போறதுக்கு." சொல்லிவிட்டு எழுந்து முன்னால் நடந்தார்.

கல் வெயிலில் கிடந்தது. மஞ்சளில் 4-7. எண்ணுக்கு அடியில் ஒரு நீளக் கோடு. பக்கத்துக் கல்லிலும் அப்படி ஒரு கோடு. எல்லாக் கல்லிலும் இருந்தது. அருள்செல்வி இதை முன்பு கவனித்ததில்லை.

"கோடு எதுக்குண்ணா?"

"கிரேன்ல தூக்கிப் போட்டா கல்லு தலகீழாப் போவும். ஆறு-எட்டுன்னு எழுதிக்கிறேன், புரண்டுச்சுன்னா எட்டு-ஒன்பதுன்னு ஆயிடும். கோடு இருக்கிற பக்கம் கீழ. யாரு பாத்தாலும் தெரியணுமில்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. ஒருக்கா மாறிப்போச்சு. அப்புறம் போட்டுகினு இருக்கேன்."

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினாள். ராமப்பன் ஒரு முனையைப் பிடித்தார். இருநூற்று எண்பத்தைந்து. கல்லின் எல்லாப் பக்கமும் சுற்றி வந்தாள். வெள்ளைக் கோடு எங்கும் இல்லை. கைப்பேசியில் டேப்போடும் எண்ணோடும் சேர்த்து நாலு படம் எடுத்தாள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. கோபி அவளைப் பார்த்ததும் எழுந்து சுவர்ப் பக்கம் நகர்ந்தான். அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து புதுத் தாளில் 4-7 என்று அடித்தாள். 7-ஏப்ரல். 7-4 என்று அடித்தாள். 4-ஜூலை.

எதிர்பார்த்ததுதான். திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். மாதம் முன்னால், நாள் பின்னால் நின்றது. இரண்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எந்தக் கடைக்காரனும் மாற்றவில்லை, கோபியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இன்றைக்கு என்ன தேதி என்பதைத் தவிர அதில் என்ன பார்க்கப் போகிறான்.

"அக்கா, நான் சொன்னேன்ல," என்றான் கோபி.

"என்கிட்ட சொன்ன. சார்கிட்ட வேற சொன்ன."

கோபி வாசலில் நின்ற ராமப்பனைப் பார்க்காமல் இருக்க முயன்றான். ராமப்பன் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், நான் மாத்தி எழுதுனேனா?"

"அண்ணா, சார் கேட்ட கேள்வி அப்படி."

"பத்தொம்பது வருசம்டா."

மணி இரண்டே முக்கால். எட்சனுக்குப் படங்களை அனுப்பினாள். அவர் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மீட்டிங் என்று ஒரு சொல் மட்டும் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு வரி: ஃபார்ம் இன்னும் வரல.

படிவத்தைக் கோபியின் கணினியில் திறந்தாள். காரணம். மூன்று வரிகள் இறங்கின. மூன்றையும் வாசித்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கல்லுக்கு எண் எழுதுகிறவர் தவறு செய்யலாம். அறுக்கிறவர் தவறு செய்யலாம். ஏற்றுகிறவரும் ஓட்டுகிறவரும் செய்யலாம். வேறு யாரும் செய்ய வழி இல்லை.

தேர்ந்தெடுக்காமல், கட்டத்துக்குள் நேராக அடித்தாள். அலுவலகப் பட்டியலில் பிழை.

ஒரு பெட்டி எழும்பி வந்தது. பட்டியலில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.

மறுபடி அடித்தாள். மறுபடி அதே பெட்டி.

அந்த வாசகத்தை எழுதியது அவள்தான். மூன்று வருடத்துக்கு முன் எட்சன் சார் ஒரு படிவம் வேண்டும் என்றார். ஆளாளுக்குக் கண்டதை எழுதுகிறார்கள், கணக்கெடுக்க முடியவில்லை, தேர்ந்தெடுப்பது மாதிரி வை என்றார். என்னென்ன பிழை வரும் என்று அவளையே யோசிக்கச் சொன்னார். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து யோசித்தாள். இந்த மூன்றுதான் தோன்றின. நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கு அன்று ஒரு திருப்தி. சாயங்காலம் சமோசா வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ராமப்பன் வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். "முடியலியா மேடம்?"

"எடுத்துக்க மாட்டேங்குது."

"எதை?"

"என் பேரை."

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

எக்செல் கோப்பின் அடியில் மறைத்து வைத்திருந்த இரண்டாவது தாளை வெளியே எடுத்தாள். அதில் மூன்றே கட்டங்கள், மூன்றே வரிகள். நாலாவது கட்டத்தில் அலுவலகப் பட்டியலில் பிழை என்று எழுதினாள். முதல் தாளுக்குத் திரும்பி, மூன்றாவது வரியோடு முடிந்த எல்லையை நாலாவது வரிவரை நீட்டினாள். காரணத்தைத் தொட்டாள். நாலு வரிகள் இறங்கின. நாலாவதைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டி எழும்பவில்லை.

பொறுப்பு: அருள்செல்வி.

குறிப்புக் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். கணினி மாறியது, தேதி மாறியது, அளவு ஒத்து வரவில்லை என்று ராமப்பன் போன் செய்தது, எண்ணைப் பாருங்கள் என்று அவள் சொன்னது. தேதி போட வேண்டிய இடத்தில் மாதத்தின் பெயரை எழுத்தில் அடித்தாள்.

"அக்கா, வேலை போயிடும்க்கா," என்றான் கோபி.

"உனக்கா, எனக்கா?"

மூன்றே முக்காலுக்குப் படிவத்தை எட்சனுக்கு அனுப்பினாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு எட்சன் கூப்பிட்டார்.

"ஃபார்மை யார் மாத்தச் சொன்னா?"

"நான் செஞ்ச ஃபார்ம்தான் சார்."

"கஸ்டமர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? எங்க ஆபீஸ்ல நாலுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னா?"

"ஆமா சார்."

"திமிரா பேசுறியா?"

"இல்ல சார். அதுதான் நடந்துச்சு."

எட்சனின் மூச்சு கேட்டது. யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

"ராமப்பன் போன் பண்ணினார்னு எழுதியிருக்க. அதை யார் கேட்டா? உன்னை யாரும் கேக்கல இல்ல?"

"கேக்கல சார்."

"திங்கட்கிழமை வந்ததும் என்னைப் பாரு. மெமோ வரும். வாங்கிக்கோ."

"சரி சார். ராமப்பண்ணாவுக்கு என்ன சொல்ல?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த நாலு-ஏழு இன்னும் அங்கதான கிடக்குது?"

"ஆமா சார்."

"நாளைக்குக் காலையில டிரெய்லர் வரும். அவரையே ஏத்தச் சொல்லு. வேற யாரும் தொட வேண்டாம்." வைத்துவிட்டார்.

ராமப்பனிடம் சொன்னாள். அவர் கல் கிடந்த பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேன் மேடம்."

"சொன்னீங்க."

"நம்பரைப் பாருன்னீங்க."

"ஆமாண்ணா."

"பாத்துகினுதான் இருக்கேன், பத்தொம்பது வருசமா." பெஞ்சிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். உள்ளே விழுந்திருந்த தூசியைத் தட்டினார். "பாஸை எவன் திருப்பித் தருவான்?"

கோபி மேசை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினான். ராமப்பன் வாங்கிக்கொண்டார். பெயிண்ட் டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

ஓசூர் திரும்ப நேரம் இருந்தது. பதினெட்டுக் கற்களும் இருந்தன. எது ஏற்கெனவே போயிற்று, எது இன்னும் கிடக்கிறது என்று அறிய அவளிடம் உள்ள பட்டியலை நம்ப முடியாது. அவளே செய்த பட்டியல்.

"அண்ணா, போறதுக்குள்ள ஒண்ணு பண்ணலாமா? நீங்க கல்லுல இருக்கிறதைப் பாத்துச் சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தையும்."

"இருட்டிடும் மேடம்."

"இன்னும் நாலரைகூட ஆகலைண்ணா."

ராமப்பன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கற்களுக்கு நடுவே போனார். கோபி ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, அவர் சொல்வதை வாங்கிச் சொல்ல வெளியே போய்ப் பாதி வழியில் நின்றான். அருள்செல்வி வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்து என்று மாற்றினாள். அது போதும். இருந்தாலும் முதல் கட்டத்தில் ஒற்றை மேற்கோளையும் அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணு-அஞ்சு," என்று ராமப்பன் கத்தினார்.

"மூணு-அஞ்சுக்கா," என்றான் கோபி.

"நீளம்?" என்று அவள் கேட்டாள்.